துடியாட்டமான நான்கரை வயதுப் பிள்ளையை மருந்தில்லாமல் அமைதிப்படுத்துவது எப்படி?

கேள்வி: விசுவமடுவிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எனது மகனுக்கு இப்போது நான்கரை வயது. கணவர் கட்டாரில் தொழில் செய்வதால் நானும் அம்மாவும் பிள்ளையும் மட்டுமே வீட்டில் இருக்கிறோம். பிள்ளை கெட்டிக்காரன், ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடுவான், ஒழுங்கையில் உழவு இயந்திரம் வரும் சத்தத்தை வைத்தே அது யாருடையது என்று சொல்லிவிடுவான். ஆனால் விழித்ததிலிருந்து உறங்கும்வரை அவனுக்குக் கைகால் ஓய்வதில்லை. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இரண்டு வாய்க்கு மேல் இருக்கமாட்டான். படலை திறந்திருந்தால் வெளியே ஓடிவிடுவான். அடுத்த வளவில் கட்டில்லாத கிணறு ஒன்று இருப்பதால், அவன் என் கண்ணில் படாத ஒவ்வொரு நிமிடமும் நெஞ்சு பதறுகிறது.

முன்பள்ளியிலிருந்தும் நாளாந்தம் முறைப்பாடு வருகிறது. கதை சொல்லும்போது எழுந்து ஓடுகிறான், தன் முறை வரும்வரை காத்திருக்க மறுக்கிறான், மற்றப் பிள்ளைகளின் கையில் இருப்பதைப் பறிக்கிறான் என்கிறார்கள். வேறு இடம் பார்த்தால் நல்லது என்றும் மெல்லச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவன் அமைதியாக இருப்பது கைத்தொலைபேசி கையில் இருக்கும்போது மட்டும்தான். அதை வாங்கினால் தரையில் விழுந்து புரண்டு அழுவான். இரவு பதினொரு மணிக்கு முன் உறங்குவது அபூர்வம்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தகப்பன் பக்கத்தில் இல்லாததுதான் காரணம் என்கிறார்கள் சிலர். அடித்து வளர்க்கவில்லை என்கிறார்கள் வேறு சிலர். கோயிலில் நூல் கட்டினோம். எனக்கு ஆறுதல் கிடைத்தது, அவனுடைய ஓட்டம் குறையவில்லை. இரவில் ஒரு கரண்டி தடிமன் பாணி கொடுத்தால் நன்றாக உறங்குவான் என்று உறவினர் ஒருவர் சொன்னார்; அதற்கு என் மனம் ஒப்பவில்லை. இது வயதுக்குரிய குழப்படியா, வைத்தியரிடம் காட்ட வேண்டிய ஒன்றா? மருந்து கொடுக்காமல் வீட்டிலேயே நான் என்ன செய்யலாம்? இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

பதில் 1: முன்பள்ளி ஆசிரியை, முள்ளியவளை

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எதற்கும் முன்னர் அந்தக் கிணற்றைப் பற்றி எழுதுகிறேன். யோசிப்பதற்கு முன்பே கால் ஓடிவிடும் பிள்ளைக்கு "அங்கே போகாதே" என்ற சொல் காவல் ஆகாது. வளவுக்காரருடன் கதைத்து, கட்டுக் கட்டும்வரை கிணற்றைச் சுற்றிக் கம்பி வலையாவது அடிக்கச் செய்யுங்கள். கிராம அலுவலரிடம் சொன்னால் அவரும் வளவுக்காரருடன் பேசக்கூடும். உங்கள் படலைக்குப் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் ஒரு கொளுக்கி போடுங்கள். எங்கள் பக்கத்தில் கிணறும் குளமும் வாய்க்காலும் வீட்டுக்கு வீடு அருகில் இருப்பதால், துடியாட்டமான பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது இதுதான். அந்தப் பயம் குறைந்தால், நாள் முழுவதும் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவதும் பாதியாகக் குறையும்.

அடுத்தது, அவனுடைய துடிப்பை அடக்கப் பார்க்காமல் அதற்கு வழி விடுங்கள். குளத்துக்கு நீர்வரத்துக் கூடும்போது அணையை உயர்த்திக்கொண்டே போவதில்லை, வான்கதவைத் திறந்து விடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்கள் உடலை அசைத்துத் திரிய வேண்டும். அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய அளவு அது. உங்கள் மகனுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். வெறுமனே ஓடுவதைவிடப் பாரம் தூக்குதல், இழுத்தல், தள்ளுதல், மிதித்தல் போன்ற வேலைகளுக்குப் பின்னர் இத்தகைய பிள்ளைகள் நிதானமாக இருப்பதை எனது வகுப்பில் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

நெல் காயவிடும் நாட்களில் படங்கில் பரப்பிய நெல்லைக் காலால் துழாவிவிடும் வேலையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு கரையில் தொடங்கி, குதிக்காலை உயர்த்தாமல் பாதத்தை நெல்லுக்குள் புதைத்தபடி நேராக மறுகரைக்குச் செல்ல வேண்டும். திரும்பி, முதற் சாலுக்கு அருகே அடுத்த சாலைப் போட வேண்டும். சால் வளைந்தால் அது அவன் கண்ணுக்கே தெரியும், யாரும் பிழை சொல்ல வேண்டியதில்லை. வேகமாக ஓடினால் நெல் படங்குக்கு வெளியே சிந்தும் என்பதால் அவன் தானாகவே வேகத்தைக் குறைப்பான். நெல் இல்லாத காலத்தில் சிறிய வாளியால் கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றலாம், தேங்காய்களை ஒவ்வொன்றாகக் குசினிக்கு எடுத்து வரலாம். முன்பள்ளிக்குப் போவதற்கு முன் இப்படியொரு வேலை செய்தால் காலைப் பொழுது அவனுக்கும் ஆசிரியைக்கும் இலகுவாகும்.

மூன்றாவது விடயம் நாங்கள் சொல்லும் முறை. முற்றத்தில் நிற்கும் பிள்ளைக்குக் குசினியிலிருந்து "செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிடு" என்று சொன்னால், அந்தப் பிள்ளையின் மனதில் ஒன்றும் தங்காது. அருகில் சென்று, அவன் உயரத்துக்குக் குனிந்து, தோளில் கை வைத்து, அவன் கண் உங்களைப் பார்த்த பின்னர், "செருப்பைக் கழற்று" என்ற ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அவன் அதைச் செய்ததும், "சொன்னவுடனே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டாய்" என்று செய்த காரியத்தைச் சொல்லியே பாராட்டுங்கள். பிறகு அடுத்ததைச் சொல்லலாம். "ஓடாதே" என்பதற்குப் பதிலாக "என் கையைப் பிடித்துக்கொண்டு நட" என்று, என்ன செய்ய வேண்டுமோ அதையே சொல்லுங்கள். எதையும் கேள்வியாகக் கேட்க வேண்டாம், "குளிப்போமா?" என்று கேட்டால் "இல்லை" என்பதும் ஒரு பதில் ஆகிவிடும்.

இவற்றோடு, நாளில் பத்துப் பதினைந்து நிமிடங்கள் அவனோடு மட்டும் இருங்கள். என்ன விளையாட்டு என்பதை அவன் தீர்மானிக்கட்டும். நீங்கள் கற்பிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். மண்ணில் வாய்க்கால் வெட்டினால் நீங்களும் பக்கத்தில் இருந்து வெட்டுங்கள். முறைப்பாடும் ஏச்சும் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, ஏச்சு வாங்கியாவது நம் கவனத்தைப் பெறப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கு இந்தப் பத்து நிமிடத்தைவிட வலுவான ஒன்றை நான் கண்டதில்லை. அவன் குழப்படி செய்த நாளிலும் இதைத் தண்டனையாகப் பறிக்கக் கூடாது.

முன்பள்ளியுடனும் மனம் தளராமல் கதையுங்கள். கதை நேரம் முழுவதும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல், முதலில் சில நிமிடங்கள் இருந்தால் போதும், அதன் பின் பாய் சுருட்டுவதோ தண்ணீர்ப் போத்தல்களை அடுக்குவதோ அவனுடைய பொறுப்பு என்று ஆசிரியை ஒழுங்கு செய்யலாம். பிள்ளையை வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்வது தீர்வே அல்ல. அடுத்த இடத்திலும் அதே பிள்ளைதான் இருப்பான்.

பதில் 2: சமுதாய சுகாதாரப் பணியில் உள்ள வைத்தியர், கிளிநொச்சி மாவட்டம்

வணக்கம். ஆசிரியை எழுதியவை யாவும் மருத்துவ வழிகாட்டல்களோடு ஒத்துப்போகின்றன. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2019 இல் புதுப்பித்த வழிகாட்டல், மிகைத்துடிப்புக் கோளாறு (ADHD) உள்ள, 4 வயது முதல் 6 வயது நிறையும்வரையான பிள்ளைகளுக்கு முதற் சிகிச்சையாகப் பரிந்துரைப்பது, பிள்ளையின் நடத்தையைக் கையாளும் முறையைப் பெற்றோருக்குப் பயிற்றுவிப்பதையே. இக்கோளாறுக்குப் பரவலாகப் பயன்படும் மீதைல்பெனிடேற் மருந்தும் 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கென அனுமதிக்கப்பட்டதே. ஆகவே மருந்தில்லாமல் தொடங்க நினைப்பது இந்த வயதில் முற்றிலும் சரியான வழி.

தடிமன் பாணியைக் கொடுக்காமல் விட்டீர்கள். அந்த முடிவில் உறுதியாக இருங்கள். அத்தகைய பாணிகளில் உள்ள ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து பெரியவர்களுக்கு உறக்கம் தந்தாலும், சில சிறுவர்களுக்கு நேர்மாறாகப் பரபரப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். அளவு கூடினால் ஆபத்து. பிள்ளையை உறங்க வைப்பதற்காக எந்தப் பாணியையும் வீட்டில் வைத்துக் கொடுக்கக் கூடாது.

இது குழப்படியா, கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். மிகைத்துடிப்புக் கோளாறு எனச் சொல்வதற்கு, அறிகுறிகள் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டும். வீடு, முன்பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். வயதுக்குரிய அளவைத் தெளிவாக மீறி, பிள்ளையின் அன்றாட வாழ்வைப் பாதிக்க வேண்டும். நான்கரை வயதில் எந்தப் பிள்ளையும் நீண்ட நேரம் அசையாமல் இருப்பதில்லை என்பதால் இதைத் தீர்மானிப்பதற்கு அனுபவமும் பொறுமையும் தேவை. முகநூலில் வரும் கேள்விக் கொத்துகளை வைத்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம். கோளாறு உள்ளது என்று தெரிந்தாலும், அது உங்கள் வளர்ப்பின் பிழையோ தகப்பன் பக்கத்தில் இல்லாததன் விளைவோ அல்ல. இதில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது. இப்பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்ச்சியடைவது ஏனைய பிள்ளைகளைவிடச் சராசரியாக ஏறத்தாழ 3 ஆண்டுகள் பிந்துவதாக 2007 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று படம்பிடித்துக் காட்டியது. தன்னைத் தானே கட்டுப்படுத்தும் பகுதி பிந்தி வளரும் பிள்ளையை அடிப்பதால் அப்பகுதி விரைந்து வளரப்போவதில்லை. அடி அச்சத்தையும் முரட்டுத்தனத்தையுமே வளர்க்கிறது.

ஆனால் வைத்தியரிடம் காட்டுவதைத் தள்ளிப் போடாதீர்கள்; மருந்து வாங்குவதற்காக அல்ல, துடிப்பைப் போலத் தோன்றும் வேறு காரணங்களை விலக்குவதற்காக. உறக்கத்தில் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா என்று ஓர் இரவு விழித்திருந்து பாருங்கள். மூக்குக்குப் பின்னால் உள்ள தசையோ தொண்டைச் சுரப்பியோ வீங்கியிருந்தால் உறக்கம் துண்டு துண்டாகி, மறுநாள் பிள்ளை சோர்வதற்குப் பதிலாகத் துடியாட்டம் ஆடும். காதுக்குள் நீர் கட்டியிருந்தால் சொன்னது கேட்காது; அதை நாம் சொற்கேளாமை என்று எடுத்துக்கொள்கிறோம். இரும்புச் சத்துக் குறைவும் அமைதியின்மையைக் கூட்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டு சென்று பேசினால், அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், அங்கிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலையின் குழந்தை வைத்திய கிளினிக்குக்கும் வழிப்படுத்துவார். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. பேருந்துச் செலவும் ஒரு நாள் வேலையும்தான் போகும். அது எங்கள் மக்களுக்குச் சிறிய தொகை அல்ல என்பதையும் அறிவேன்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனி பிள்ளைகளைத் துடிக்க வைக்கிறது என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. 1990களில் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. பல்லுக்கும் உடலுக்கும் சீனியைக் குறைப்பது நல்லது, துடிப்புக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செயற்கை நிறமூட்டிகளின் நிலை வேறு. 2007 இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று, சில நிறமூட்டிகளும் சோடியம் பென்சோவேற்றும் கலந்த பானங்கள் சிறுவரின் துடிப்பைச் சற்றே கூட்டுவதாகக் காட்டியதைத் தொடர்ந்து, 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு நிறமூட்டிகளுக்கு எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டியதாயிற்று. கடையில் தொங்கும் நிற நிறமான பைக்கற் தின்பண்டங்களையும் கலர்ச் சோடாவையும் நிறுத்திப் பாருங்கள். விளைவு சிறிதாயினும் செலவு மிச்சம். என்னைக் கூடுதலாக உறுத்துவது தேத்தண்ணீர். எங்கள் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் சாப்பாட்டோடு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறோம். அது உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது, மாலையில் குடித்தால் உறக்கத்தையும் பின்தள்ளுகிறது. அதை நிறுத்தி, முருங்கையிலை, நெத்தலி, பயறு, முட்டை ஆகியவற்றைக் கூட்டுங்கள். தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது உறக்கம். இந்த வயதில் 10 முதல் 13 மணி நேரம் உறக்கம் வேண்டும். உங்கள் மகன் பதினொரு மணிக்கு உறங்கி முன்பள்ளிக்காக ஆறு மணிக்கு எழுந்தால் ஏழு மணி நேரமே கிடைக்கிறது. அவ்வளவு குறைவாக உறங்கும் எந்தப் பிள்ளையும் துடியாட்டமாகவே தெரியும். ஒரே நாளில் எட்டு மணிக்கு மாற்ற முயலாமல், சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்தள்ளிக்கொண்டு வாருங்கள். குளிப்பு, சாப்பாடு, விளக்கைக் குறைத்தல், கதை என்ற ஒழுங்கு ஒவ்வொரு இரவும் மாறாதிருக்கட்டும். தொலைபேசித் திரை உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே ஓய்ந்துவிட வேண்டும்.

விசுவமடுவிலிருந்து தாய்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குறட்டை பற்றிப் படித்ததும் எனக்குத் திடுக்கென்றது. அவன் வாயைத் திறந்துதான் உறங்குகிறான், குறட்டையும் உண்டு. குடும்பநல உத்தியோகத்தரைச் சந்திக்க ஒழுங்கு செய்துவிட்டேன். இன்னொரு சந்தேகம். தொலைபேசியைக் கொடுக்காமல் விட்டால் அவன் அழுகை அயல் முழுவதும் கேட்கிறது. அம்மாவால் அதைத் தாங்க முடிவதில்லை, எனக்குத் தெரியாமல் கொடுத்துவிடுகிறார். அவரைக் கடிந்துகொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. 2009 இல் என்னையும் என் தம்பிகளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தவர் அவர். பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். இதை எப்படிக் கையாள்வது?

பதில் 3: மாங்குளத்திலிருந்து ஒரு தகப்பன்

தங்கச்சி, எங்கள் மூத்த மகனும் இப்படித்தான் இருந்தான். இப்போது நான்காம் தரத்தில் படிக்கிறான். இன்னும் துடியாட்டம்தான், ஆனால் வீட்டில் கத்தல் இல்லை. அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்து நெகிழ்ந்தேன். எங்கள் ஊரில் அந்தத் தலைமுறைக்குப் பிள்ளையின் அழுகை வெறும் அழுகையாகக் கேட்பதில்லை. ஆகவே "கொடுக்காதீர்கள்" என்று அவருக்குத் தடை போடுவதைவிட, அழுகை எழும் நேரத்தில் அவருக்கு வேறொரு வேலையை ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் மாமி அந்த நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவார். அழுகை ஓய்ந்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்க் கன்றுக்குட்டிக்கு வைக்கோல் போடுவது அவருடைய பங்கு. தான் பேரனைக் கைவிடவில்லை என்ற நிறைவு அவருக்கும் இருந்தது.

ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். இதுவரை அழுதால் கிடைத்த ஒன்று கிடைக்காமற் போகும்போது, முதற் சில நாட்களுக்கு அழுகை குறையாது, கூடும். முன்பு அழுத நேரத்தைக் கடந்தும் அழுவான், பொருளை எறிவான். முறை பலிக்கவில்லை என்று நினைத்து அந்த இடத்தில்தான் பலர் விட்டுக்கொடுக்கிறார்கள். உச்சத்தில் விட்டுக்கொடுத்தால், இவ்வளவு உரக்க அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை அறிந்துகொள்ளும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தாத வரை பக்கத்தில் அமைதியாக இருங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள், அழுகை தணிந்த கணத்தில் அணைத்துக்கொள்ளுங்கள். அயலவர்களிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் யாரும் ஓடி வரமாட்டார்கள்.

தொலைபேசியை முற்றாக மறைப்பதும் எங்களுக்குச் சரிவரவில்லை. மாலை விளையாட்டு முடிந்து குளித்த பின்னர், ஒரு குறித்த நேரத்துக்கு மட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் பார்க்கலாம் என்று ஒழுங்கு வைத்தோம். "குளித்து முடித்தால் படம்" என்பதே வாக்கியம். முடிவதற்கு ஐந்து நிமிடங்களுக்கு முன் ஒருமுறையும் ஒரு நிமிடத்துக்கு முன் ஒருமுறையும் சொல்வோம், திடீரென்று பறிப்பதில்லை. வாங்கிய கையோடு அடுத்த வேலை காத்திருக்க வேண்டும். வெறுங்கையோடு விட்டால் சண்டை வரும்.

தகப்பன் தொலைவில் இருப்பதையும் பயன்படுத்தலாம். நானும் சில காலம் வெளிநாட்டில் இருந்தவன். கணவர் நினைத்த நேரத்தில் அழைத்து, ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திரைக்கு முன் பிடித்து நிறுத்த வேண்டாம். இரவு உங்கள் ஒழுங்கோடு சேருமாறு, விளக்கைக் குறைத்த பிறகு குரலில் மட்டும் ஒரு கதை சொல்லட்டும். அவன் அன்று நன்றாகச் செய்த ஒரு காரியத்தை முன்னரே அவருக்கு அனுப்பி வையுங்கள். "இன்றைக்கு நெல்லைச் சிந்தாமல் துழாவினாயாமே" என்று தகப்பன் வாயால் கேட்கும்போது பிள்ளையின் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

முன்பள்ளி ஆசிரியை, முள்ளியவளை

சகோதரி, விட்டுப்போன ஒரு விடயத்தைச் சேர்க்கிறேன். ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியான பிள்ளைகளையே தரம் 1 இல் சேர்க்கிறார்கள். உங்கள் மகனின் பிறந்த நாள் அந்தத் திகதிக்குச் சற்று முன்னர் வருமானால், வகுப்பிலேயே வயது குறைந்த பிள்ளைகளில் ஒருவனாக அவன் இருப்பான். வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகளையே கூடுதலாக மிகைத்துடிப்பு எனக் குறிக்கிறார்கள் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. எனவே அனுமதி கிடைத்ததும், முதல் நாளுக்குக் காத்திராமல், தரம் 1 ஆசிரியரைச் சந்தித்து வைத்தியரின் குறிப்பைக் காட்டுங்கள். வாசலுக்கும் யன்னலுக்கும் தள்ளி, ஆசிரியரின் மேசைக்கு அருகே முன்வரிசையில் இடம் கேளுங்கள். கரும்பலகை துடைப்பது, கொப்பிகளைப் பகிர்வது போன்று எழுந்து நடக்கும் வேலைகளை அவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அவனை எது அமைதிப்படுத்துகிறது என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியருக்கு நீண்ட கடிதத்தைவிட அந்த ஒரு பக்கம் உதவும்.